நாலரை மணிக் குரல்

மாவட்டத்தில் பதினெட்டாயிரம் பிள்ளைகளின் மணிக்கட்டில் சண்முகவடிவின் குரல் இருந்தது. அவள் வீட்டில்தான் பேச்சுக்கு ஆள் இல்லை.

வயது நாற்பத்தேழு. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒருநாள் அந்தப் பேச்சே நின்றுபோனது. அப்பா இருந்தவரை அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவரோடு சண்டை போடுவதுமாகப் பொழுது ஓடியது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமை மதியம் அலுவலகம் விட்டு வந்தால், திங்கட்கிழமை காலை பஸ் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லும்போதுதான் அவள் வாய் திறக்கும். சில நாள் தொண்டை அடைத்துக்கொண்டு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் நலத் திட்டத்தில் அவள் உணவு ஆலோசகர். பிள்ளைகள் கலர் என்று கடையில் விற்கும் பாட்டில் சர்பத்தைக் குடித்துக் குடித்து உடம்பு பெருத்து, பதின்மூன்று வயதிலேயே சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் நிலை வந்தபோது, அரசாங்கம் ஒரு மென்பொருள் கம்பெனியோடு சேர்ந்து 'காப்பு' கொண்டுவந்தது. பார்க்க ரப்பர் வளையம் போல இருக்கும். தோலுக்கு அடியில் சீனி ஏறுவதை அது கண்டுபிடிக்கும். சோறு தின்றால் சீனி மெல்ல ஏறும். கலர் குடித்தால் சடசடவென்று ஏறும். அந்த வித்தியாசம் காப்புக்குத் தெரியும். குடித்த பத்தாவது நிமிடம் பேசத் தொடங்கும். திட்டாது, மிரட்டாது. இதில் எத்தனை ஸ்பூன் சீனி இருந்தது, அது உடம்புக்குள் எங்கே போகிறது, ஏன் இப்போது இதைக் குடிக்கத் தோன்றியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோலக் கேட்கும்.

அந்தக் குரலுக்கு வடிவைத் தேர்ந்தெடுத்தார்கள். "உங்க குரல்ல அதட்டல் இல்ல" என்றார்கள். சென்னையில் ஒரு சின்ன அறையில் பதினோரு நாள் உட்கார வைத்து ஆறாயிரம் வாக்கியம் படிக்கச் சொன்னார்கள். மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவளுக்கு அது எப்படியோ வந்தது. அதன்பிறகு எந்த வாக்கியம் வேண்டுமோ அதை இயந்திரமே அவள் குரலில் செய்துகொண்டது. நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் தூத்துக்குடிக்கு ரயிலேறினாள்.

ஏழு மாதம் கழித்து, திட்டத்தின் கணினிப் பொறியாளன் தளவாய் ஒரு காலையில் அவள் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, ஒரு பிள்ளை கணக்கு ஒதைக்கி. கொஞ்சம் பாருங்க."

"என்ன ஒதைக்கி?"

"எல்லாப் பிள்ளைகளும் கலர் குடிக்கிறது பாதிக்குப் பாதி கொறைஞ்சிருக்கு. இந்தப் பிள்ளைக்கு மட்டும் கூடியிருக்கு. முன்னால வாரத்துக்கு ரெண்டு பாட்டில். இப்ப தினமும் ரெண்டு. சரி, புத்தியில ஏறலைன்னு வைங்க, அதுவும் இல்ல. நாம வச்ச சத்துணவுப் பரீட்சையில நூத்துக்கு நூறு. மாவட்டத்திலேயே இது ஒண்ணுதான் நூறு."

பெயர் கேட்டாள். வழக்கமாகப் பிள்ளைகளுக்கு எண்தான்; பெயர் யாருக்கும் தெரியாது. டாக்டர் சிவப்புக் குறி போட்டால் மட்டும் ஆலோசகருக்குப் பெயர் வரும். இந்தப் பிள்ளைக்கு டாக்டர் போட்டிருந்தார். ரெக்ஸிலின். ஏழாம் வகுப்பு. எடை அறுபத்தொன்று. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் ஊசிதான் என்று கீழே எழுதியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் வடிவு நுழைந்தாலே பிள்ளைகள் "காப்பு டீச்சர், காப்பு டீச்சர்" என்று சூழ்ந்துகொள்வார்கள். ஏதாவது பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். தலைமையாசிரியை அறைக்கு வந்த ரெக்ஸிலின் சிரிக்கவில்லை. சட்டைக் கையை இழுத்துக் காப்பை மூடிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"கலர்ல என்ன இருக்குன்னு தெரியுமாம்மா?"

"ஒரு பாட்டில்ல ஒம்பது ஸ்பூன் சீனி டீச்சர். கல்லீரல்ல போய்க் கொழுப்பாச் சேரும். அப்புறம் கணையம் எளைச்சிப் போவும்." ஒப்பிப்பது போல இல்லை. பக்கத்து வீட்டு விஷயம் சொல்வது போலச் சொன்னாள்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே. பிறவு ஏன் குடிக்கே?"

பிள்ளை கால் விரலால் தரையைத் தேய்த்தாள். வெளியே யாரோ "ஏ, டேங்கர் எங்கட்டி?" என்று கூப்பிட்டார்கள். அது தன்னைத்தான் என்பதுபோல ரெக்ஸிலின் திரும்பிப் பார்த்தாள்.

"பிடிக்குமா?"

"பிடிக்காது டீச்சர். தெகட்டும்."



மறுநாள் சாயங்காலம் வடிவு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனாள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், ஒரே மாதிரிக் கட்டிக் கொடுத்த வீடுகள் இரண்டு வரிசையாகப் போகும் தெரு. எல்லா வீட்டுக்கும் முன்னால் கம்பிக் கதவு. பாதி வீட்டுக் கதவில் உள்பக்கமாகப் பூட்டு. ரெக்ஸிலினின் அப்பா சரக்குக் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா பெயர் பனிமயம். இறால் கம்பெனியில் மதியம் ரெண்டு மணிக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வருவாள்.

கதவைத் தட்டக் கை தூக்கிய வடிவு அப்படியே நின்றாள். உள்ளே அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சு தங்கம்? ஜோஸ்பின் உன்கூட உக்காந்தாளா?"

"இல்ல. அவ முன்னாடி பெஞ்சுக்குப் போயிட்டா."

"உனக்கு வருத்தமா இருந்துச்சா?"

"கொஞ்சூண்டு."

"போன வாரம் அவ பென்சில் தொலைஞ்சப்ப நீதானே தேடிக் கொடுத்தே. அத அவ மறந்திருக்க மாட்டா."

வடிவு தூக்கிய கையை இறக்கினாள். தன் குரல் இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. அந்தத் தொனியில் அவள் வாழ்க்கையில் ஒருவரிடமும் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டதில்லை. அவளிடமும் யாரும் கேட்டதில்லை.

தட்டினாள். உள்ளே சத்தம் நின்றது. ரெக்ஸிலின் கம்பிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள்.

"அம்மா யாருக்கும் கதவத் தெறக்கப்பிடாதுன்னு சொல்லிருக்கு டீச்சர்."

"தெறக்க வேண்டாம். நான் இங்கனயே நிக்கேன்." மேஜைமேல் காலி பாட்டில் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, பாதி. "அதுகூட இவ்வளவு நேரம் பேசலாமா? மூணு நிமிஷம்தான் பேசும்னு சொன்னாங்க."

பிள்ளை தயங்கினாள். பிறகு, தானே கண்டுபிடித்த ஒன்றைச் சொல்லும் பெருமை அவளை மீறி வந்துவிட்டது.

"கேள்வி கேட்டா நிக்காது டீச்சர். ஏன் குடிச்சேன்னு அது கேக்கும். இன்னைக்கு நடந்தத சொன்னா மேல மேல கேக்கும். ஆனா ஒடம்புல சீனி எறங்கிட்டா, நாளைக்குப் பாப்போம் தங்கம்னு சொல்லிட்டுப் போயிரும். ஒரு பாட்டிலுக்கு முக்கா மணி நேரம்."

"அதனாலதான் ரெண்டு பாட்டிலா?"

"தண்ணி குடிச்சா அது பேசாது டீச்சர். மோரு குடிச்சுப் பாத்தேன். அதுக்கும் பேசல."

வடிவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கலர் ஒடம்புக்கு ஆவாதும்மா" என்றாள். பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டினாள்.

"தளவாய், கலர் குடிக்காட்டியும் பேசுற மாதிரி காப்ப மாத்த முடியுமா?" மறுநாள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"முடியும். ஒரு நாள் வேலை. ஆனா விட மாட்டாங்க அக்கா. பேட்டரி தாங்காது, அது ஒண்ணு. பிள்ளைகளுக்குச் சிநேகிதம் பிடிச்சுக் கொடுக்கிறதுக்கு நாம திட்டம் போடலைம்பாங்க."

"அந்தப் பிள்ளை நம்மகிட்டப் பேசத்தான் வெசத்தக் குடிக்குது."

"நம்மகிட்ட இல்ல அக்கா. உங்ககிட்ட." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அறிக்கை எழுதுங்க. நடந்தத அப்படியே எழுதுங்க. மேல உள்ளவங்க முடிவு பண்ணட்டும்."

எழுதினாள். ஒளிக்காமல் எழுதினாள். வீட்டில் ஆளில்லாத பிள்ளை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் குரலுக்காகவே குடிக்கிறது; இனிப்பு அதற்குப் பிடிக்கக்கூட இல்லை; தனக்கு நடந்ததைக் குரல் நினைவு வைத்திருப்பதுதான் அதை இழுக்கிறது; இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான்கு பக்கம். எழுதி முடித்தபோது, தன் வேலையை இவ்வளவு நன்றாக என்றுமே செய்ததில்லை என்று நினைத்தாள். அறிக்கை திட்ட அலுவலகத்துக்கும், விதிப்படி ஒரு நகல் கம்பெனிக்கும் போயிற்று.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. எல்லாக் காப்பிலும் குரலை நிறுத்தியாயிற்று. இனிமேல் சீனி ஏறினால் காப்பு மணிக்கட்டில் இரண்டு தரம் அதிரும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே வடிவு அந்தத் தெருவுக்குப் போனாள். ரெக்ஸிலின் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூன்று காலிப் பாட்டில்.

"செத்துப் போச்சு டீச்சர்" என்றாள். அழவில்லை. மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். "மூணாவது குடிச்சாலும் பேசல."

"நிறுத்திட்டாங்கம்மா. உன் ஒடம்புக்கு நல்லதுன்னுதான்."

"நீங்கதான் போய்ச் சொன்னீங்களா?"

வடிவு ஆமாம் என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டாள். வடிவு வாசற்படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஆனால் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். அலுவலக வேலையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, நாலரைக்கு அந்தப் படியில் உட்காருகிற மாதிரி வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பனிமயத்தைப் பார்த்து எல்லாம் சொன்னாள். பனிமயம் இறால் கழுவிச் சிவந்த கைகளை முந்தானையில் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் என்னத்த செய்ய டீச்சர்? காலை ஷிப்டு கேட்டா, ஆள் இருக்கு போன்னு சொல்லுதான். வந்து பாத்தா பிள்ள ஒறங்கிக் கெடக்கும். அதோட மூஞ்சிய முழிச்ச மூஞ்சியாப் பாக்கறது அரை மணி நேரந்தான், பள்ளிக்கூடம் கெளம்பற அவசரத்துல." முந்தானையை உதறிச் செருகினாள். "யாருகிட்டயோ பேசிச் சிரிக்கின்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. செல்போன்ல சிநேகிதிப் பிள்ளைகிட்டன்னு நெனச்சேன். நீங்க வாரேன்னா வாங்க டீச்சர். உங்களுக்குக் கதவத் தெறக்கச் சொல்லுதேன்."

அப்படித்தான் கம்பிக் கதவு திறந்தது. ஆனால் பேச்சு வரவில்லை. பத்து நிமிடத்தில் வடிவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மத்தியானம் என்ன சாப்பிட்டாய், கீரை வைத்தார்களா, இதுதான் திரும்பத் திரும்ப வரும். ரெக்ஸிலின் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் வடிவு, "ஜோஸ்பின் இப்ப எந்த பெஞ்சுல இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

பிள்ளை அவளை நேராகப் பார்த்தது அன்றுதான் முதல்தடவை.

"அதெல்லாம் அதுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. கொரலு ஒண்ணுதான். நீங்க அது இல்ல டீச்சர்."

வடிவு அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அவளுடைய குரலே அவளைவிட நல்ல மனுஷியாக இருந்திருக்கிறது. ஏழு மாதத்தில் ஒரு பிள்ளையின் பென்சில் தொலைந்ததுவரை அதற்குத் தெரிந்திருக்கிறது.

தளவாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னான். "பேசினது எல்லாம் பதிவாயிருக்கு அக்கா. டாக்டர் குறி போட்ட பிள்ளைங்கறதுனால நீங்க கேட்டாத் தருவாங்க. படிச்சிட்டுப் போனீங்கன்னா அது மாதிரியே பேசலாம்."

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். ஆசையாகத்தான் இருந்தது. கடைசியில் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை, சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்பதுபோல அது பட்டது.

மறுநாள் ரெக்ஸிலினிடம் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். முதல்ல இருந்து நீயே சொல்லு."

"முதல்ல இருந்தா? ரொம்ப நேரம் ஆவுமே டீச்சர்."

"எனக்கு வீட்டுல ஒரு வேலையும் இல்ல. போனா ரேடியோவப் போட்டுட்டுப் படுக்கணும். அவ்வளவுதான்."

"உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"சாயங்காலம் யாருகிட்டப் பேசுவீங்க?"

"இப்பதான் உன்கிட்டப் பேசுதேன்."

ரெக்ஸிலின் நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, ஐந்தாம் வகுப்பில் தான் புதுசாகச் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். வடிவு பெயர்களைக் குழப்பினாள். நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிட்டுத் திருப்பிக் கேட்டாள். "அது இப்படி மறக்கவே மறக்காது" என்று பிள்ளை சலித்துக்கொள்வாள். ஆனால் சொல்வாள். சொல்லும்போது மேஜைமேல் தண்ணீர்ச் செம்புதான் இருந்தது. நாலு மாதத்தில் எடை ஏறுவது நின்றது. ரத்தம் பார்த்த டாக்டர் சிவப்புக் குறியை எடுத்தார்.

அந்த மாதம் திட்டத்துக்குப் பாராட்டு வந்தது. குரலை நிறுத்திய பிறகு மாவட்டத்தில் கலர் குடிப்பது இன்னும் குறைந்திருப்பதாகத் தளவாய் திரையில் காட்டினான்.

"எங்க கொறைஞ்சிருக்கு பாருங்க அக்கா. காலைல இல்ல, மத்தியானம் இல்ல. சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. அந்த நேரத்துல குடிச்ச ஆயிரத்து நூத்து நாப்பது பிள்ளைகள் சுத்தமா நிறுத்திட்டாங்க."

சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். வடிவு தட்டவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது. அத்தனை பூட்டின கதவு, அத்தனை மணிக்கட்டு.

"அவங்க பேரு கெடைக்குமா தளவாய்?"

"கெடைக்காது அக்கா. குறி போடாத பிள்ளைங்க. எண்ணுதான்."

அதற்கு ஆறு வாரம் கழித்து ஒரு காலையில், தளவாய் அவள் மேஜைக்கு வந்து உட்காராமல் நின்றான். கையில் ஒரு பாட்டில். பிள்ளைகளுக்குப் பிடிக்கிற ஆரஞ்சு நிறம்.

"அக்கா, இது நேத்துக் கடைக்கு வந்திருக்கு. மூடியில ஒரு சிப்பு வச்சிருக்கான். தெறந்தாப் பேசும். கேட்டாப் பதில் சொல்லும். நாளைக்கு வேற பாட்டில் தெறந்தாலும் இன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்குமாம்." அவன் மூடியைத் திருகவில்லை. "குரல் உங்களது."

"என் குரல எப்படிக் குடுக்க முடியும்?"

"சென்னைல கையெழுத்துப் போட்டீங்கள்ல. அதுல பதினாலாம் பக்கத்துல இருக்கு. குரல் கம்பெனிக்குச் சொந்தம். யாருக்கு வேணாலும் விக்கலாம்." பாட்டிலை மேஜைமேல் வைத்தான். "கலர் கம்பெனிக்காரன் குரல மட்டும் வாங்கல அக்கா. உங்க அறிக்கையும் அவன்கிட்ட இருக்கு. எத்தனை மணிக்கு, எந்த வயசுப் பிள்ளை, எதுக்காகக் குடிக்கும்னு நாலு பக்கம் எழுதியிருந்தீங்களே. விளம்பரத்தப் பாத்தேன். வரிக்கு வரி அதுதான்."

அவள் அன்று திட்ட அலுவலருக்கு எழுதினாள், சென்னைக்குப் போன் செய்தாள், ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். வக்கீல் தாள்களைப் படித்துவிட்டு, "கேஸ் நடத்தலாம். வருஷக்கணக்காகும்" என்றார். வெளியே வந்து மணியைப் பார்த்தபோது நாலரை தாண்டியிருந்தது. பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு சரக்கு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று வந்தது.

தெருவில் திரும்பும்போது ஐந்தேகால்.

முதல் வீட்டுக் கம்பிக் கதவைக் கடக்கும்போது யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. நின்றாள். "வந்துட்டியா தங்கம்? இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று உள்ளே அவள் குரல் கேட்டது. ஒரு சின்னப் பிள்ளை அவசர அவசரமாக ஏதோ சொல்லத் தொடங்கியது. நாலு வீடு தள்ளி இன்னொரு கதவுக்குப் பின்னால் அதே குரல் சிரித்தது. எதிர் வரிசையில் மாடியில் ஒன்று. வடிவு நடையை எட்டிப் போட்டாள். பிறகு கிட்டத்தட்ட ஓடினாள்.

ரெக்ஸிலின் கம்பிக் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆரஞ்சு நிறப் பாட்டில். ஒரு கை அதன் மூடிமேல் இருந்தது. மூடியின் வளையம் இன்னும் அறுபடவில்லை.

"நேரமாயிட்டு டீச்சர்."

"ரயில்வே கேட்டப் போட்டுட்டான் மக்ளே. ரெண்டு ரயிலு."

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்னு இருந்தேன்."

அவள் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் திறக்க எழுந்தாள். வடிவு மூச்சு வாங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரல், அவசரமே இல்லாமல், இதமாக, யாரோ ஒரு பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தது:

"இன்னொரு வாய் குடிச்சுக்கோ தங்கம். குடிச்சுட்டு மிச்சத்தச் சொல்லு."